மாமி எண்டால் நான்தான்

கதிரை எத்தினை போடலாம் எண்டதைப் பிறகு பாப்பம் பிள்ளை. முதல்ல, அந்த மேடையிலை நிண்டு ஒராள் பாடினால் கடைசி வரிசையிலை இருக்கிற ஆளுக்கு வடிவாக் கேக்குமோ? அதைச் சொல்லுங்கோ. ஏன் கேக்கிறன் எண்டால் மாப்பிள்ளை பாடுவார். கலியாண வீட்டிலை மைக்கைக் கண்டவுடனை பாய்ஞ்சு பிடிக்கிற ஆக்கள் மாதிரியில்லை. பாட்டுத்தான் அவற்ர தொழில்.

உங்கட பேர் என்ன சொன்னியள்? பிரவீணா. நல்ல பேர். நான் யோகா. அம்மா ஊரிலை எவடம்? கரவெட்டியோ! அப்ப பக்கத்திலைதான், நாங்கள் உடுப்பிட்டி. இதிலை இருங்கோவன், நிண்டுகொண்டு எவ்வளவு நேரம் எனக்கு இந்தக் கலியாண ஹோலைக் காட்டப்போறியள்.

ரமோன் எண்டு ஒரு பாட்டுக்காரன். ஸ்பானிஷ் பாட்டு. கேள்விப்பட்டிருப்பியள். பாத்தியளே, கண் விரியுது! அவன்தான் மாப்பிள்ளை. ரமோன் எண்டது ஸ்பானிஷ் ஆக்கள் வைச்ச பேர். அவன் ரமணன். என்ர மனுசன்ர தங்கச்சியின்ர மகன். நான் அவனுக்குச் சொந்த மாமி. அந்தப் பாட்டிலை 'மாமி, மாமி' எண்டு உருகுறான் எல்லோ, உலகமே அதுக்கு நிண்டு ஆடுது எல்லோ? அந்த மாமி நான்தான்.

சிரியாதேங்கோ. எல்லாரும் முதல்ல சிரிக்கிறவைதான்.

அவனை ஆளாக்கினது ஆர் எண்டு கேட்டால் ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு பேர் சொல்லுவினம். மியாமியிலை ஒரு கொம்பனிக்காரனாம், மொன்றியலிலை ஒரு கிளப்காரனாம். நான் சொல்லுறன் கேளுங்கோ. அவன் ஊரிலை இருந்து வெளிக்கிடேக்கை பத்தொன்பது வயசு. ஏஜென்சிக்காரன் நேரா கனடா எண்டு சொல்லி ஏத்திப்போட்டு, கொண்டுபோய் விட்டது எக்குவடோரிலை. தென்னமெரிக்காவிலை கடலோரமா ஒரு நாடு. எனக்கு அப்பிடி ஒரு நாடு இருக்கிறதே அண்டைக்குத்தான் தெரியும். விட்டிட்டு ஏஜென்சிக்காரன் தன்ர போனையும் நிப்பாட்டிப் போட்டான். பெடியன் என்ர மனுசனுக்குப் போன் எடுத்து அழுகிறான், "மாமா, என்னை எப்பிடியெண்டாலும் கனடாவுக்கு எடுங்கோ" எண்டு. இவருக்குக் கெதியிலை மனம் உருகிவிடும். தங்கச்சியின்ர ஒரே பிள்ளை எண்டு சாப்பாடு இறங்காமல் திரிஞ்சார்.

நான்தான் நிதானமாச் சொன்னனான். "இஞ்சை பாருங்கோ, ஆரணிக்கு இந்த வருசம் அரங்கேற்றம். அது முடியட்டும்." ஆரணி எண்டது எங்கட மகள், ஒரே பிள்ளை, பரதநாட்டியம் பழகினவள். அரங்கேற்றம் முடிய வீட்டுக் கூரை ஒழுகத் துவங்கீட்டுது. கூரை முடிய என்ர அக்காவின்ர மகளுக்குக் கலியாணம், வெறுங்கையோடை போகேலுமே? இப்பிடி ஒண்டு மாறி ஒண்டு. அவன் அங்கை ரெண்டு வருசத்துக்கு மேலை நிண்டிட்டான்.

அப்ப எல்லாரும் என்னைத்தான் குறை சொன்னவை. இப்ப நீங்களே யோசிச்சுப் பாருங்கோ. நான் அவனைக் கெதியா எடுப்பிச்சிருந்தால் அவனுக்கு ஸ்பானிஷ் எங்காலை வந்திருக்கும்? இஞ்சை வந்து ஏதாவது கடையிலை கோழி வெட்டிக்கொண்டு நிண்டிருப்பான். அங்கை விட்டுவைச்சபடியால்தான் பாசை பழகினான், பாட்டுப் பழகினான், இடுப்பை ஆட்டப் பழகினான். இதை நான் இவருக்குச் சொன்னால் எழும்பித் தோட்டத்துக்குப் போயிடுவார். குளிர்காலத்திலையும் போவார்.

வந்து இறங்கேக்கை கறுத்து, மெலிஞ்சு, காதிலை ஒரு சின்னத் தோடு. முதல் வேலையா அதைக் கழட்டுவிச்சனான். கீழை பேஸ்மென்ற்றிலை விட்டம். நல்ல இடம், சின்ன யன்னலும் ஒண்டு இருக்கு. அவன் அங்கத்தைக் கதை சொல்ல வெளிக்கிடுவான். "மாமி, அங்கை துறைமுகத்தடியிலை..." எண்டு துவங்குவான். நான் சொல்லுவன், "ராசா, பழசை விடு. இனி நடக்கப்போறதைப் பார்." அவன்ர மனம் நோகக்கூடாது எண்டுதான். பிறகு பிறகு அவன் சொல்லுறதை விட்டிட்டான்.

பிளாசாவிலை துப்பரவு வேலை எடுத்துக் குடுத்தம். அவனோடை நிண்ட பெடியள் எல்லாம் கொலம்பியாவும் டொமினிக்கனும். அவங்களுக்கு இவன் ஸ்பானிஷ் கதைக்கப் பெரிய சந்தோசம். தங்கட பேர்த்டேக்களுக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பாட விடுவாங்கள். பிறகு சனி ஞாயிறு ஏதோ சாப்பாட்டுக் கடையிலை பாடுறான் எண்டு இவர் மெல்லச் சொன்னார். எனக்குப் பிடிக்கேல்லை. பாட்டு வேணுமெண்டால் கோயிலிலை பாடட்டும் எண்டு ஒரு வெள்ளிக்கிழமை கூட்டிக்கொண்டு போய்த் தேவாரம் பாட விட்டனான்.

ஐயோ பிள்ளை, அதை என்ன சொல்ல. முதல் அடி ஒழுங்காத்தான் பாடினான். ரெண்டாம் அடியிலை தோள் ஆடத் துவங்கீட்டுது. பிறகு முழங்கால். மிருதங்கக்காரப் பெடியனும் அதுக்கேத்த மாதிரி அடிக்கத் துவங்கினான். பின்னுக்கு நிண்ட இளசுகள் கைதட்டுதுகள். ஐயர் தீபத்தை வைச்சுக்கொண்டு எப்ப காட்டுறது எண்டு தெரியாமல் நிக்கிறார். முடிய ஒரு கிழவி என்னிட்டை வந்து சொன்னா, "பெடியனுக்கு நல்ல குரல். ஆனால் அம்பாள் அங்காலை இருக்க அவன் இஞ்சாலை பாத்தெல்லோ பாடுறான்." இஞ்சாலை ஆர் இருந்தது? நானும் ஆரணியும்தான். பாவம், புது இடம். மாமியின்ர முகத்தைப் பாத்தால்தானே அவனுக்குத் தைரியம் வரும்.

அந்த நாளையிலை வீட்டிலை ஒரு கரைச்சலும் இல்லை எண்டுதான் சொல்லவேணும். ஆரணிக்குக்கூட அந்த வருசம் நல்ல புத்தி வந்தது. முந்தி உடுப்பைக் கழட்டினால் கழட்டின இடத்திலை கிடக்கும். நான்தான் பொறுக்கித் தோய்க்கிறது. திடீரெண்டு தானே எடுத்துக்கொண்டு போய்த் தோய்க்கத் துவங்கினாள். மெசின் கீழை பேஸ்மென்ற்றிலைதான். ஒரு சட்டையை எடுத்துக்கொண்டு இறங்கினால் பிறகு கன நேரம் மேலை வரமாட்டாள். அவ்வளவு கவனமாத் தோய்ப்பாள். நான் கோயிலிலை எல்லாருக்கும் சொல்லிப் பெருமைப்பட்டனான், "எங்கட பிள்ளை இப்பவே குடும்பப் பொறுப்புப் பழகுறாள்" எண்டு.

அதை நம்பித்தான் பக்கத்து ஊர் மார்க்கத்திலை இருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை பல் டொக்டர். குறிப்புப் பொருந்தி, படம் பிடிச்சு, பொம்பிளை பாக்க வந்திருக்கினம். மாப்பிள்ளையின்ர தாய் நல்ல வெங்காயக் கலர் சீலை கட்டிக்கொண்டு சோபாவிலை இருக்கிறா. நான் றோல்ஸ் பொரிச்சு வைச்சிருக்கிறன். ஆரணி தேத்தண்ணித் தட்டோடை வாறாள். எல்லாம் வடிவா நடக்குது.

இஞ்சத்தை வீடுகளிலை சூடு வாறதுக்கு நிலத்திலை ஓட்டை இருக்கும் தெரியுமெல்லோ? கீழை இருமினால் மேலை கேக்கும். அதுக்குள்ளாலை அந்த நேரம் பாத்து வருகுது, "மா... மி... மா... மி..." எண்டு. உருகி உருகி. பிறகு மேசையிலையோ எதிலையோ தட்டுறான், டும்சக டும்சக எண்டு. அந்த மனுசி நிலத்தைப் பாத்தா. என்னைப் பாத்தா. "ஆரோ உங்களைக் கூப்பிடுகினம் போலை கிடக்கு" எண்டா. நான், "எங்கட மருமகப் பெடியன், சின்னனிலை இருந்து என்னிலை உயிர்" எண்டு சமாளிக்கிறன். இவள் ஆரணி தட்டோடை நிண்டு சிரிக்கிறாள். சிரிச்சது காணாதெண்டு அடுத்த வரியை வாய்க்குள்ளை தானும் பாடுறாள்.

பல் டொக்டர் கேட்டார், "நீங்கள் ஸ்பானிஷ் படிச்சனீங்களோ?"

"இல்லை, உடுப்புத் தோய்க்கேக்கை பழகினது" எண்டாள்.

வந்தவை றோல்ஸைத் தொடேல்லை. அடுத்த நாள் எடுத்துச் சொல்லுகினம், குறிப்பைத் திருப்பிப் பாத்ததாம், செவ்வாய் பிழையாம். முதல் பாக்கேக்கை அந்தச் செவ்வாய் எங்கை போய் நிண்டது? எல்லாம் அந்தப் பாட்டாலை வந்த வினை. ஒரு நல்ல சம்பந்தம், ஓட்டைக்குள்ளாலை போச்சுது.

அதுக்காக நான் அவனைக் கலைச்சனான் எண்டு ஊரெல்லாம் கதை. நான் கலைக்கேல்லை பிள்ளை. சத்தியமா. அவன் வேலைக்குப் போன நேரம் அவன்ர சாமானை எல்லாம் நானே மடிச்சு, பையிலை போட்டு, பக்கத்துக் கதவுக்கு வெளியிலை வைச்சனான். அவன் வந்து தேடிக் கஷ்டப்படக்கூடாது எண்டு. கதவைப் பூட்டினது வழமையாப் பூட்டுறதுதான். கொண்டி போட்டது மட்டும் அண்டைக்குத்தான் முதல்.

நல்ல ஸ்நோ. அவன் வந்து தட்டினவன். "மாமி, ஒருக்காத் திறவுங்கோ. மாமி, ஜக்கெட் உள்ளுக்கை" எண்டு கூப்பிட்டவனாம். எனக்குக் கேக்கேல்லை. நான் ரிவி போட்டிருந்தனான். அவன் தட்டத் தட்ட ரிவிச் சத்தம் காணாமல் இருந்தது, அதாலை கொஞ்சம் கூட்டினனான். இவர் கதிரையை விட்டு எழும்பினார். நான் "இருங்கோ" எண்டன், இருந்திட்டார். பிறகு தட்டுறது நிண்டுபோன உடனை, "பால் முடிஞ்சுது, வாங்கிக்கொண்டு வாறன்" எண்டு காரை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டார். கன நேரத்தாலைதான் வந்தார். வரேக்கை பால் இல்லை. தோய்ச்சுக் கொடியிலை காயப்போட்டிருந்த ரமணன்ர ஜக்கெட்டையும் காணேல்லை. மறதி பிடிச்ச மனுசன், என்னத்துக்குப் போனவர் எண்டதையே மறந்திட்டார்.

ஆரணி அண்டைக்குக் குசினி வாசலிலை நிண்டாள். "அம்மா, நான் உங்களுக்கு ஒண்டு சொல்லவேணும். நானும் ரமணனும்..." எண்டு துவங்கினாள். நான், "முதல்ல சாப்பிடு, புட்டு ஆறுது" எண்டன். பிள்ளை சாப்பிடேல்லை. அந்த மாதத்துக்குள்ளை மொன்றியலிலை வேலை கிடைச்சிருக்கு எண்டு போயிட்டாள். நல்ல வேலையாம். நான் தடுக்கேல்லை. படிச்ச பிள்ளையள் முன்னேற வேணுமெல்லோ?

அதுக்குப் பிறகு ரமணனைப் பற்றி எங்கட வீட்டிலை கதையே இல்லை. அவனும் மொன்றியலிலை எங்கையோ பாடுறான் எண்டு ஒருக்கா ஆரோ சொல்லிச்சினம். ஒரே ஊரிலை இருந்தும் ஆரணி அவனை ஒருநாளும் காணேல்லை எண்டுதான் நான் நினைச்சன். பெரிய ஊர்தானே.

பிறகு ஒரு விடியப்பறம் முத்தத்திலை ஸ்நோ தள்ளிக்கொண்டு நிக்கிறன். பக்கத்து வீட்டு குளோரியாவும் தள்ளுறாள். அவள் எல் சல்வடோர்க்காரி, நல்ல பிறவி. தள்ளித் தள்ளிப் பாடுறாள், "மாமி..." எண்டு. எனக்குத் திடுக்கிட்டது. "என்ன பாட்டு அது?" எண்டு கேட்டன். "இது தெரியாதோ? ரமோன்ர பாட்டு. என்ர மகளும் பாடுறாள், நானும் பாடுறன், பஸ் ஓட்டுறவனும் பாடுறான்" எண்டு போனிலை காட்டினாள். பாக்கிறன், எங்கட பெடியன்! தலைமயிருக்கு வெள்ளை அடிச்சு, காதிலை திரும்பவும் தோடு. இந்த முறை ரெண்டு காதிலையும்.

"என்னண்டு பாடுறான், இங்கிலீசிலை சொல்லு" எண்டன். அவள் ஸ்நோ தள்ளுற சவளைக் குத்தி வைச்சிட்டு வரிவரியாச் சொன்னாள். "மாமி, கதவைத் திற. நான் வெய்யில் ஊரிலை பிறந்தவன், எனக்கு இந்தக் குளிர் பழக்கமில்லை. உள்ளுக்கை உன்ர காலடி கேக்குது. நீ அழுகிறதும் கேக்குது. மாமி, ஒரு தட்டுத் தட்டு, நீ உள்ளை நிக்கிறாய் எண்டு தெரிஞ்சால் காணும், நான் போயிடுறன்." அப்பிடி என்னவோ.

பாருங்கோ, உலகம் முழுக்கப் போய்ச் சொல்லிப்போட்டான், மாமி கதவு திறக்கேல்லை எண்டு! நான் குளோரியாவிட்டைச் சொன்னன், "அது என்னைத்தான் பாடுறான். நான் அவன்ர மாமி." அவள் விழுந்து விழுந்து சிரிச்சாள். "யோகா, எங்கட பாசையிலை மாமி எண்டால் காதலிக்கிற பொம்பிளை. ஆசையாக் கூப்பிடுறது. சிலவேளை அம்மாவையும் கூப்பிடுவம்." நான் விடேல்லை. "உங்கட பாசையிலை என்னவாவும் இருக்கட்டும். அவன் தமிழ்ப் பெடியன். தமிழிலை மாமி எண்டால் மாமிதான். தட்டினது எங்கட கதவு. குளிர் எங்கட முத்தத்துக் குளிர்."

"சரி, ஆனால் உள்ளுக்கை ஒராள் அழுகிறதாப் பாடுறானே. நீ அழுதனியோ?" எண்டு கேட்டாள்.

நான் எங்கை அழுதது. அது பாட்டுக்காகச் சேத்தது. பாட்டுக்காரர் அப்பிடித்தானே, இல்லாததையும் சேப்பினம்.

கொஞ்ச நாள் எனக்கு வெளியிலை தலைகாட்டேலாமல் இருந்தது. எந்தக் கடைக்குப் போனாலும் அந்தப் பாட்டு. கிளினிக்கிலை பல் கழுவப் போனாலும் அந்தப் பாட்டு. இவர் காருக்குள்ளை அதைப் போட்டுக்கொண்டு, நான் ஏறினவுடனை நிப்பாட்டுவார். பிறகு பாத்தால் அடுத்த பாட்டும் வந்திட்டுது, அதிலையும் மாமி. ரிவியிலை ஏதோ பரிசு குடுக்கினம், வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு மேடையிலை ஏறுறான். லண்டனிலை இருந்து, பாரிசிலை இருந்து, என்னோடை கதைக்காமல் இருந்த சொந்தக்காரர் எல்லாம் எடுக்கினம். "ரமணன் உங்கட வீட்டிலைதானே வளந்தவன்?" எண்டு கேக்கினம். "எங்கட பேஸ்மென்ற்றிலைதான்" எண்டு நானும் சொல்லுவன். சொல்லச் சொல்ல எனக்கு மெல்ல மெல்ல விளங்கத் துவங்கிச்சுது. கோவம் இருந்தால் ஒருத்தன் இவ்வளவு உருகி உருகிப் பாடுவானோ? மாமியிட்டைக் கதவைத் திற, கதவைத் திற எண்டு கேக்கிறது என்னத்துக்கு? பொம்பிளை கேட்டுத்தான்! நேரை கேக்கப் பயந்து பாட்டாக் கேக்கிறான். எவ்வளவு மரியாதை தெரிஞ்ச பிள்ளை.

அப்பதான் ரொறன்ரோவிலை அவன்ர பெரிய நிகழ்ச்சி வந்தது. ரிக்கற் இல்லை எண்டு சனம் அழுகுது. இவர் பேசாமல் ரெண்டு ரிக்கற் கொண்டுவந்து மேசையிலை வைச்சார், முன் வரிசை. "எங்கை எடுத்தனீங்கள்?" எண்டு கேட்டன். "கிடைச்சுது" எண்டார். அவ்வளவுதான் அவற்ர வாயிலை இருந்து வரும்.

காஞ்சிபுரம் கட்டிக்கொண்டு போனன். ஒரு ஐஸ்கிரீம் டப்பா நிறைய றோல்ஸ். வாசலிலை சாப்பாடு விடமாட்டம் எண்டு ஒரு தடியன் மறிச்சான். இவர் ஒரு அட்டையைக் காட்டினார், விட்டிட்டான். உள்ளை ஒரு ஊரே நிக்குது பிள்ளை. விளக்கெல்லாம் அணைஞ்சு, ஒரு வெளிச்சத்துக்குள்ளை அவன் வந்து நிக்கிறான். ஒரு சொல்லும் சொல்லேல்லை, மைக்கைச் சனத்தின்ர பக்கம் நீட்டினான். அவ்வளவு சனமும் ஒரே குரலிலை, "மாமி!" எண்டு கத்துது. நான் எழும்பி நிண்டு கையைக் காட்டினனான். "திறந்துதான் கிடக்கு ராசா!" எண்டு நானும் கத்தினன். பின்னுக்கு நிண்ட பெட்டை "இருங்கோ, மறைக்குது" எண்டாள். அவளுக்கு என்ன தெரியும்.

முடிய எங்களை உள்ளை கூட்டிக்கொண்டு போச்சினம். அறைக்குள்ளை போனால் ஆரணி நிக்கிறாள்! கழுத்திலை ஒரு அட்டை தொங்குது, கையிலை ரெண்டு போன், ஆரோ ஒரு வெள்ளைக்காரனை வெருட்டி வேலை வாங்கிக்கொண்டு நிக்கிறாள். மொன்றியல் வேலை எண்டது இந்த வேலைதானாம். அவன்ர நிகழ்ச்சி எல்லாத்தையும் அவள்தான் பாக்கிறாளாம். எனக்கு ஒரு பக்கம் அதிர்ச்சி, ஒரு பக்கம் நல்லதாப் போச்சு எண்டும் இருந்தது. நான் நினைச்ச அலுவலுக்கு வசதிதானே.

ஒரு மூலையிலை, கட்டையா, கறுப்பா, ஒரு மனுசி கதிரையிலை இருக்கிறா. கால் வீங்கிப்போய்க் கிடக்கு. பாட்டு முடிஞ்சு வேர்வையோடை வந்த ரமணன் ஆரையும் பாக்கேல்லை. நேராப் போய் நிலத்திலை குந்தி, அந்த மனுசியின்ர காலைத் தூக்கி ஒரு சின்ன முக்காலியிலை வைச்சான். "மாமி" எண்டான். மெல்லமா. பாட்டிலை கூப்பிடுற மாதிரி இல்லை, வேறை மாதிரி. பிறகுதான் திரும்பி எங்களைக் கண்டான். ஓடிவந்து இவரைக் கட்டிப்பிடிச்சு, "மாமா, மாமா" எண்டு விடுறான் இல்லை. பிறகு என்னைப் பாத்தான். கொஞ்சம் நிண்டான். கைகூப்பி, "வாங்கோ ஆன்ட்டி" எண்டான்.

ஆன்ட்டி.

வெளிநாட்டு ஆக்கள் கனபேர் நிண்டவை எல்லோ. அவைக்கு விளங்க வேணும் எண்டு இங்கிலீசிலை சொன்னவன். மரியாதைக்குத்தான்.

அந்த மனுசி ஆர் எண்டு ஆரணி சொன்னாள். பேர் டொலோரெஸ். எக்குவடோரிலை துறைமுகத்தடியிலை மீன் சூப்புக் கடை வைச்சிருந்தவவாம். ஏஜென்சிக்காரன் விட்டிட்டுப் போன அண்டைக்கு அவன் அந்தக் கடை வாசலிலை பசியோடை இருந்தவனாம். உள்ளை கூப்பிட்டுச் சாப்பாடு குடுத்து, செத்துப்போன தன்ர மகன் படுத்த கட்டிலைக் குடுத்து, ரெண்டு வருசமும் பிள்ளை மாதிரி வைச்சிருந்தவவாம். பாட்டுச் சொல்லிக் குடுத்ததும் அவதானாம். இதையெல்லாம் அவன் எனக்கு ஒருநாளும் சொல்லேல்லையே எண்டு கேட்டன்.

நான் ஆர் எண்டதை ஆரணி அவவுக்குச் சொன்னாள். அந்த மனுசி வீங்கின காலோடை எழும்பி வந்து, என்னைக் கட்டிப்பிடிச்சு, கண்ணாலை தண்ணி வடிய ஏதோ சொல்லுது. "என்ன சொல்லுறா?" எண்டு கேட்டன்.

"உங்களுக்கு நன்றி சொல்லுறா" எண்டாள் ஆரணி. "நீங்கள் அவனைக் கூப்பிடாமல் விட்டபடியால்தான் தனக்கு ஒரு மகன் கிடைச்சவன் எண்டு சொல்லுறா."

பாத்தியளே! பாசை தெரியாத ஒரு மனுசிக்கு விளங்குது. எங்கட சனத்துக்குத்தான் விளங்கேல்லை.

அந்தச் சந்தோசத்திலை நான் அதிலையே சொல்லிப்போட்டன். "ரமணன், நீ பாட்டிலை கேட்டது எனக்கு விளங்கீட்டுது. இப்ப நீ ஆளாகீட்டாய். ஆரணியை உனக்குத் தர எனக்குச் சம்மதம்." இவர் றோல்ஸ் டப்பாவைத் திறந்து ஒண்டை எடுத்து வாயிலை வைச்சார்.

ஆரணி சொன்னாள், "அம்மா, நாங்கள் போன வருசமே மொன்றியலிலை எழுதீட்டம்."

"என்னத்தை எழுதினனீங்கள்?"

"கலியாணம். அப்பாதான் சாட்சிக் கையெழுத்து."

நான் இவரைப் பாக்கிறன். வாய் நிறைய றோல்ஸ். மெண்டுகொண்டே இருக்கிறார். பால் வாங்கப் போற மனுசன் மொன்றியல் மட்டும் போய் வந்திருக்கிறார், எனக்குத் தெரியேல்லை. "எனக்கு ஏன்டி சொல்லேல்லை?" எண்டு கேட்டன். "சொன்னனான் அம்மா. அண்டைக்குக் குசினியிலை சொன்னனான். நீங்கள் புட்டு ஆறுது எண்டனீங்கள்." புட்டு ஆறினது உண்மைதானே.

நான் கோவப்படேல்லை பிள்ளை. எழுத்து எண்டது எழுத்து, தாலி எண்டது தாலி. கலியாணம் ஒண்டு முறையா வைக்கவேணும் எண்டு அதிலையே தீர்மானிச்சிட்டன். அடுத்த கிழமையே எங்கட தமிழ் றேடியோவிலை ஒரு பேட்டி. அவையா எடுக்கேல்லை, நான்தான் எடுத்துச் சொன்னனான். அவன் அகதியா வந்தது, எங்கட பேஸ்மென்ற்றிலை இருந்தது, நான் தேவாரம் பாட விட்டது, இப்ப என்ர மகளைக் கட்டப்போறது, எல்லாம் விலாவாரியாச் சொன்னன். அதை ஆரோ எடுத்து ஸ்பானிஷிலை போட்டு, அது அங்கை பரவி, ஆரணியின்ர படத்தைத் தேடிப் பிடிச்சுப் போட்டு, வாசலிலை கமராவோடை ஆக்கள் நிண்டு... அவை ரெண்டு பேரும் இந்தக் கதை வெளியிலை வரக்கூடாது எண்டு மறைச்சு வைச்சிருந்தவையாம். எனக்கு ஆர் சொன்னது? நல்ல விசயத்தைத்தானே நான் சொன்னனான்.

அண்டையிலை இருந்து ஆரணி என்ர போனை எடுக்கிறாள் இல்லை. இவர் எடுத்தால் எடுக்கிறாள். தோட்டத்திலை நிண்டு கதைக்கிறார், நான் வந்தால் வைச்சிடுறார். "என்ன கதைச்சவள்?" எண்டால், "சுகமாம்" எண்டுறார். போன கிழமை கதைச்சிட்டு உள்ளை வந்தவர், கண் கலங்கி இருந்தது. "என்னப்பா?" எண்டு கேட்டன். "ஒண்டுமில்லை, தூசு" எண்டார். பிறகு தானே போய்க் கடையிலை ஒரு சின்னத் தொப்பி வாங்கிக்கொண்டு வந்து அலுமாரிக்குள்ளை வைச்சிருக்கிறார். உள்ளங்கை அளவு கம்பளித் தொப்பி. இவற்ர தலைக்கு எப்பிடிக் காணும்? அதையும் நான் கேக்கேல்லை. இப்ப நான் கனக்கக் கேக்கிறதில்லை.

சரி, ஹோல் எனக்குப் பிடிச்சிருக்கு. மேடைக்கு நல்ல பெரிய மைக் வையுங்கோ. முன் வரிசையிலை அந்த டொலோரெஸுக்கும் ஒரு கதிரை போடுங்கோ, கால் வைக்க முக்காலியும். எனக்குப் பக்கத்திலை போட்டாலும் பரவாயில்லை.

திகதியோ? திகதி... அது ஆரணியும் ரமணனும்தான் சொல்லவேணும். உங்கட ஹோல் போனிலை இருந்து ஒருக்கா எடுத்துக் கேக்கிறியளோ பிள்ளை? நம்பர் நான் சொல்லுறன். ஹோலிலை இருந்து எண்டு மட்டும் சொல்லுங்கோ. என்ர பேரைச் சொல்லாதேங்கோ. மணி அடிக்குதோ? கொஞ்சம் பொறுங்கோ, அவள் எடுக்க நேரம் எடுப்பாள்.

எடுத்திட்டாளோ? எனக்கும் கேக்க ஸ்பீக்கரிலை போடுங்கோ.

நான் கதைக்கமாட்டன். சும்மா கேட்டுக்கொண்டு இருக்கிறன்.